புளூபெல் பார்க்கப் போகிறீர்களா? முதலில் மரத்தைப் பாருங்கள்

ஏப்ரல் பாதியில் யாராவது ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போடுவார். மரங்களுக்கு அடியில் தரையே தெரியாமல் ஊதா கலந்த நீலம். பிரிட்டனின் காடுகளில் வசந்தத்தில் பூக்கும் புளூபெல் என்ற மணிப்பூதான் அது. உடனே கேள்விகள் வரிசை கட்டும்: இது எங்கே, எப்போது போகலாம், டிக்கெட் உண்டா, பார்க்கிங் இருக்கிறதா. ஆளாளுக்குப் பேசி முடிப்பதற்குள் இரண்டு வாரம் ஓடிவிடும். கடைசியில் மே மாதக் கடைசி விடுமுறைக்கு எல்லோரும் சேர்ந்து கிளம்புவார்கள். போய்ப் பார்த்தால் சாய்ந்து கிடக்கும் இலைகளும் பச்சைக் காய்களும்தான் இருக்கும்.

நானும் முதல் வருடம் அப்படித்தான் ஏமாந்தேன். இரண்டு ரயில் மாறி, புளியோதரைப் பொட்டலத்தோடு போய் இறங்கினால், பூ முடிந்து பத்து நாளாகியிருந்தது. நாட்காட்டியை நம்பிப் போனது என் தப்பு. புளூபெல்லுக்குத் தேதி கிடையாது. மேலே மரம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைப் பார்த்தால்தான் கீழே பூவின் காலம் பிடிபடும். பிரிட்டனுக்குப் புதிதாக வந்து, வரும் வசந்தத்தில் காட்டுக்குப் போக நினைப்பவர்களுக்காக, நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

மண்ணுக்குள் நடப்பது

பூவாக நம் கண்ணில் படுவது மூன்று நான்கு வாரம்தான். கோடையில் புளூபெல் இருந்த சுவடே தெரியாது. மண்ணுக்குள் ஒரு வெள்ளைக் கிழங்காகக் கிடக்கும். பார்வைக்கு உரித்த சின்ன வெங்காயம் மாதிரி. இலையுதிர்காலத்தில் வேர் விட்டு, உள்ளேயே முளையைத் தயார் செய்துகொள்ளும். ஜனவரி, பிப்ரவரியில், மரமெல்லாம் மொட்டையாக நிற்கும்போது, சருகைக் குத்திக்கொண்டு பச்சை முனைகள் வெளியே வரும்.

அந்தக் குளிரில் அதற்கு என்ன அவசரம்? வெளிச்சம்தான். ஓக், பீச், ஹேசல் போன்ற மரங்கள் இலை விடும்வரைதான் காட்டுத் தரைக்கு வெயில் கிடைக்கும். மே மாதம் போகப்போக மேலே கூரை மூடிவிடும். அதற்குள் இலை வெயிலைப் பிடித்து, மாவுச்சத்தாக்கிக் கிழங்கில் சேர்க்க வேண்டும், பூக்க வேண்டும், காய்க்க வேண்டும். மழை இருட்டிக்கொண்டு வருவதற்குள் மாடியில் வடாம் காயவைத்து எடுக்கிறவர்களின் அவசரம் அது.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. பழைய கிழங்கு ஒவ்வொரு வருடமும் முழுக்கச் செலவாகி, அதன் இடத்தில் புதுக் கிழங்கு உருவாகிறது. பல வருடச் சேமிப்பு என்று எதுவும் இல்லை. இந்த வருட இலை சம்பாதித்ததில்தான் அடுத்த வருடப் பூ. பாதையை விட்டு இறங்காதே என்று ஆங்காங்கே பலகை வைத்திருப்பார்களே, அதன் காரணம் முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது. கீழே திரும்பவும் வருகிறேன்.

அதன் வேரும் விசித்திரமானது. மற்றச் செடிகளின் வேரில் இருக்கும் மெல்லிய தூவிகள் இதற்கு இல்லை. மண்ணிலுள்ள பூஞ்சைகளோடு கூட்டு வைத்துத்தான் பாஸ்பரஸ் போன்ற சத்துகளை வாங்கிக்கொள்கிறது. சில வேர்கள் சுருங்கும். சுருங்கிச் சுருங்கிக் கிழங்கை ஆழத்துக்கு இழுத்துவிடும். மேலாக விழுந்து முளைத்த விதை சில வருடங்களில் ஒரு சாண் ஆழத்துக்குப் போயிருப்பது இப்படித்தான்.

விதைக்கு இறக்கை கிடையாது, பறவை தின்று கொண்டுபோகும் சதைப்பழமும் கிடையாது. காய் வெடித்தால் கறுப்பு விதைகள் தாய்ச்செடியின் காலடியிலேயே விழும். முளைத்து, பூக்கும் வயதுக்கு வர ஐந்து வருடம்வரை ஆகும், சில சமயம் அதற்கு மேலும். அப்படியானால் ஒரு காடு முழுக்கப் பரவ எத்தனை தலைமுறை வேண்டும்! அதனால்தான் புளூபெல் அடர்ந்த இடத்தைப் பழங்காட்டின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். இங்கிலாந்தில் 1600ஆம் ஆண்டிலிருந்தும், ஸ்காட்லாந்தில் 1750ஆம் ஆண்டிலிருந்தும் இடைவிடாமல் காடாகவே இருந்துவரும் நிலத்துக்குத்தான் பழங்காடு என்று பெயர். பூவை மட்டுமே வைத்து முடிவு கட்டிவிட முடியாது, ஆனால் நல்ல சாட்சி.

பெல்ஜியத்தில் பிரசெல்ஸுக்குத் தெற்கே ஹாலர்போஸ் என்று ஒரு காடு இருக்கிறது. முதல் உலகப்போரில் அங்கிருந்த பெரிய மரங்களை ஜெர்மன் படை வெட்டிவிட்டது. 1930 முதல் 1950 வரை மறுபடி நட்டார்கள். ஆக, மரங்களுக்கு நூறு வயதுகூட இல்லை. ஆனால் அடியில் விரிந்திருக்கும் நீலத்தைப் பார்க்க இன்று ஐரோப்பா முழுவதிலுமிருந்து கூட்டம் வருகிறது. பிரிட்டனிலேயே பல காடுகளில் ஹேசல் மரங்களை அடியோடு வெட்டித் துளிர்க்கவிடும் பழைய வழக்கம் உண்டு. வெட்டிய அடுத்த ஓரிரு வசந்தங்களில் வெளிச்சம் கூடுவதால் அங்கே பூ பொங்கும். மரத்தை வெட்டினால் செடி தாங்கிக்கொள்கிறது. மிதித்தால்தான் தாங்காது.

எப்போது கிளம்புவது

உத்தேசமாகச் சொல்வதானால், தெற்கு இங்கிலாந்தில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து மே முதல் வாரம்வரை. கார்ன்வால் பக்கம் கொஞ்சம் முந்தும். வடக்கே போகப்போகப் பிந்தும். ஸ்காட்லாந்தில் மே நடுவிலும் நல்ல பூ இருக்கும். குளிர்காலம் இதமாகப் போன வருடங்களில் எல்லாமே முன்னால் நகரும். ஆகவே போன வருடம் எடுத்த படத்தின் தேதியை வைத்து இந்த வருடம் லீவு போடாதீர்கள்.

நான் செய்வது இது. மார்ச் மாதம் ஒருநாள் வீட்டுக்குப் பக்கத்துக் காட்டில் சும்மா நடந்துவிட்டு வருவேன். பூ இருக்காது. ஆனால் ஒடுங்கி நீண்ட, பளபளப்பான இலைகள் கொத்துக் கொத்தாக நிற்கும். இந்த வருடம் எந்தப் பகுதி நன்றாக இருக்கும் என்பது அப்போதே தெரிந்துவிடும். காட்டு அனிமோனியின் வெள்ளைப் பூக்கள் அந்த நேரத்தில் தரையில் நட்சத்திரம் மாதிரி கிடக்கும். செலண்டைன் என்ற சின்னக் காட்டுப்பூ மஞ்சளாக மின்னும். இரண்டும் முன்னால் வருகிற பரிவாரம். இவை களைக்கத் தொடங்கும்போது புளூபெல்லின் முதல் தண்டுகள் தலை காட்டும்.

அதன்பிறகு அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். பீச் மரத்தின் மொட்டு பிரிந்து, எலுமிச்சைப் பச்சையில் இலை வெளியே வருகிற நாட்களில் கீழே பூ உச்சத்தில் இருக்கும். இலை இருக்கிறது, ஆனால் இடையே வானமும் தெரிகிறது என்றால் அதுதான் நேரம். அந்த வார இறுதியைத் தவறவிடாதீர்கள். தலைக்கு மேல் ஒரே பச்சையாகிவிட்டால் தாமதம்.

ஒரு எச்சரிக்கை. ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் புளூபெல் என்றால், அவர் சொல்வது வேறு பூவாக இருக்கலாம். அங்கே ஹேர்பெல் எனப்படும் மெல்லிய மணிப்பூவுக்கும் அதே பெயர்தான். அது கோடையில், திறந்த புல்வெளியில் பூப்பது. ஜூலையில் புளூபெல் பார்த்தேன் என்று யாராவது சத்தியம் செய்தால் சண்டைக்குப் போக வேண்டாம்.

எங்கே போகலாம்

முதல் தடவைக்குத் தூரம் போகத் தேவையே இல்லை. ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க், இல்ஃபோர்ட் பக்கம் தமிழர் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வான்ஸ்டெட் பார்க் கூப்பிடு தூரம். அதற்குள் டெம்பிள் என்ற பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில் ஷாலே வுட் என்று ஒரு சிறு காடு. எப்பிங் காட்டைப் பராமரிக்கும் லண்டன் மாநகரக் கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. பாதையின் இருபுறமும் மரக்கட்டைகளைக் கிடத்தி எல்லை கட்டியிருக்கிறார்கள், எங்கே கால் வைக்கலாம் என்பதில் குழப்பமே வராது. கட்டணம் இல்லை. என்னைக் கேட்டால் முதல் புளூபெல் பயணத்துக்கு இதைவிடத் தோதான இடம் லண்டனில் கிடைக்காது.

மேற்கு லண்டனில் இருப்பவர்களுக்குக் கியூ தாவரவியல் தோட்டம். அங்கே குயின் ஷார்லட்டின் குடிலைச் சுற்றிப் பார்க்க வேண்டும்; நுழைவுக் கட்டணம் உண்டு. ஈலிங்கில் பெரிவேல் வுட் என்று ஒரு காப்புக்காடு இருக்கிறது. வருடம் முழுக்கப் பொதுமக்களுக்குப் பூட்டியே இருக்கும். புளூபெல் காலத்தில் ஒருநாள் எல்லோருக்கும் திறப்பார்கள். பழைய காடு எப்படி இருந்திருக்கும் என்பதை அங்கே பார்க்கலாம். கார் இருந்தால் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் ஆஷ்ரிட்ஜில் உள்ள டாக்கி வுட். படங்களில் அடிக்கடி வருகிற இடம் அதுதான், கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். பூக்காலத்தில் கட்டணம் வாங்குவதுண்டு, கிளம்பும் முன் இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரமே இல்லாத புளூபெல் பார்க்க வேண்டுமானால் மேற்குக் கரையோரம் போக வேண்டும். வேல்ஸின் ஸ்கோமர் தீவில் கடற்பறவைகள் கூடு கட்டும் திறந்த வெளியே மே மாதம் நீலமாகும். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் (லேக் டிஸ்ட்ரிக்ட்) பட்டர்மியருக்குப் பக்கத்தில் ரானர்டேல் பள்ளத்தாக்கின் சரிவிலும் அப்படியே. ஈரமான கடற்காற்று இருக்கிறது. பிற்பாடு வளரும் பிராக்கன் பெரணி கோடையில் நிழல் கொடுத்து மரத்தின் வேலையைச் செய்துவிடுகிறது.

இது உள்ளூர்ப் பூவா, ஸ்பெயின் பூவா

வீட்டுத் தோட்டங்களிலும் தெருவோரத்திலும் நீங்கள் பார்க்கும் புளூபெல் பெரும்பாலும் அசல் பிரிட்டிஷ் புளூபெல்லாக இருக்காது. தோட்டத்துக்கென்று கொண்டுவரப்பட்ட ஸ்பானிய வகை, அல்லது இரண்டும் கலந்த கலப்பினம். பார்த்த மாத்திரத்தில் எனக்கும் சந்தேகம் வரும். சோதித்துப் பார்க்க நான்கு விஷயம் போதும்.

தண்டைப் பாருங்கள். உள்ளூர் வகையில் தண்டின் நுனி ஒருபக்கமாக வளைந்து, பூக்கள் அந்தப் பக்கமே தொங்கும். ஸ்பானிய வகை விறைப்பாக நிற்கும், பூ சுற்றிலும் இருக்கும். அப்புறம் பூவின் வடிவம்: உள்ளூர்ப் பூ ஒடுங்கிய குழல் போன்றது, இதழ் நுனி பின்பக்கம் நன்றாகச் சுருண்டிருக்கும். மற்றதோ விரிந்த மணி. இலையின் அகலம் இன்னொன்று. ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் என்றால் உள்ளூர், மூன்று சென்டிமீட்டரை நெருங்கினால் ஸ்பானியம். கடைசியாக மகரந்தம். இதுதான் நம்பகமானது. பாலேட்டு வெள்ளை என்றால் உள்ளூர். நீலமோ வெளிர்பச்சையோ தெரிந்தால் கலப்பு அல்லது ஸ்பானியம்.

வாசனையை மறந்துவிட்டேன். உள்ளூர்ப் பூவுக்கு மட்டும்தான் நல்ல மணம். மல்லிகை மாதிரி தூக்கியடிக்காது. காற்றில்லாத, கொஞ்சம் வெதுவெதுப்பான மதியத்தில் காட்டின் நடுவே நின்றால் இனிப்பாக மெல்ல வரும். ஒற்றைப் பூவை முகர்ந்தால் ஒன்றுமே இல்லையே என்று தோன்றும்.

கலப்பினம் வந்து அசலை அழித்துவிடும் என்ற கவலை இங்கே நீண்ட காலமாக இருக்கிறது. பெருங்காடுகளில் உள்ளூர்ச் செடிகளின் எண்ணிக்கை மிக அதிகம், அவ்வளவு சுலபமாகத் தோற்காது என்று சொல்கிற ஆய்வாளர்களும் உண்டு. எப்படியானாலும் காட்டை ஒட்டி வீடு இருந்தால் தோட்டத்தில் ஸ்பானிய வகையை நடாமல் இருப்பதே நல்லது.

பெயர்க்கதை ஒன்றைச் சொல்லாமல் நகர மனமில்லை. இதன் தாவரவியல் பெயர் ஹயசிந்தாய்டெஸ் நான்-ஸ்கிரிப்டா. கிரேக்கப் புராணத்தில் ஹயசிந்தஸ் என்ற இளைஞன் இறந்தபோது சிந்திய ரத்தத்தில் ஒரு பூ பிறந்தது. அவனை நேசித்த அப்பல்லோ தெய்வம் தன் துயரத்தை ‘ஐயோ ஐயோ’ என்று அதன் இதழில் எழுதியது. இந்தப் பூவில் அப்படி எழுத்து ஏதும் இல்லையே! அதனால் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இதற்கு ‘எழுதப்படாதது’ என்று பெயர் வைத்துவிட்டார்.

காட்டுக்குள் கால் வைக்கும்போது

முதலில் உங்கள் கால். வசந்தத்தில் காட்டுப் பாதை சேறாக இருக்கும். வெல்லிங்டன் பூட்ஸ் அல்லது பழைய ஷூ போடுங்கள். நல்ல ஷூவோடு வருகிறவர்கள் சேற்றைத் தவிர்க்க ஓரமாக ஒதுங்குவார்கள். அந்த ஓரத்தில்தான் செடி இருக்கிறது. பாதை வருடாவருடம் அகலமாவது பெரும்பாலும் இப்படித்தான், யாரும் வேண்டுமென்று செய்வதில்லை.

இப்போது அந்தப் பலகைக்கு வருவோம். பூவை மிதித்துவிட்டால் அந்த வருடப் பூதான் போகும். இலை நசுங்கினால் கதை வேறு. நசுங்கிய இலை மறுபடி நிமிராது, வெயிலைப் பிடிக்காது, கிழங்குக்கு மாவு போகாது. அதே இடத்தில் அடுத்தடுத்து ஆட்கள் நடந்தால் செடி செத்துவிடும்; விட்ட இடம் மறுபடி நிறையப் பல வருடமாகும். பூக்களுக்கு நடுவே வெறும் மண்ணாக ஒரு திட்டு தெரிந்தால், யாரோ உட்கார்ந்து படம் எடுத்த இடம் என்று வைத்துக்கொள்ளலாம். மார்ச்சில் பூ இல்லாதபோது மிதித்தாலும் இதே நஷ்டம்தான். அப்போது யாரும் திட்டவும் மாட்டார்கள்.

குழந்தைகளைக் கூட்டிப் போவதென்றால் கிளம்பும் முன்பே ஒரு விதி சொல்லிவிடுங்கள்: பாதையிலேயே நடக்கணும், பறிக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது. இந்தச் செடியில் கிழங்கு, இலை, பூ எல்லாமே நஞ்சு. நம் ஊர் நரிவெங்காயம் இதற்குத் தூரத்து உறவு. அதன் குணம் தெரிந்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். இன்னொன்று, ஏப்ரல் மே மாதங்களில் காட்டில் உண்ணி இருக்கும், இங்கே டிக் என்பார்கள். லைம் நோயைப் பரப்பக்கூடியது. காலுறைக்குள் பேன்ட்டைச் செருகிக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் கால் மடிப்புகளைப் பாருங்கள். நாய் இருந்தால் கயிறு அவசியம்.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் காட்டுச் செடியைப் பிடுங்குவது 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டப்படி குற்றம். 1998 முதல் காட்டிலிருந்து எடுத்த புளூபெல் கிழங்கையோ விதையையோ விற்பதும் தடை.

படம் எடுக்க

கண்ணுக்கு நீலமாகத் தெரிவது ஃபோனில் ஊதாவாக வரும். வெயில் உச்சியில் நிற்கும்போது இன்னும் மோசம். காலை வேளை, இல்லாவிட்டால் மெல்லிய மேகமூட்டம் உள்ள நாள் நல்லது. எடுக்கும்போது கேமராவில் படத்தின் வெளிச்சத்தை ஒரு படி குறைத்தால் நிறம் கொஞ்சம் உண்மைக்குக் கிட்ட வரும். செடிகளுக்குள் இறங்க வேண்டிய அவசியமே இல்லை. பாதையில் குந்தி, கேமராவைப் பூவின் உயரத்துக்குக் கொண்டுவந்து, ஜூம் செய்து எடுங்கள். தூரத்துப் பூக்களும் பக்கத்துப் பூக்களும் நெருங்கி வந்து, இடைவெளியே இல்லாத நீலமாகத் தெரியும். நீங்கள் பார்த்து மயங்கிய படங்களில் பாதி இந்த வித்தையில் எடுத்ததுதான். பூவுக்கு நடுவே புடவையோடு உட்கார்ந்தால்தான் படம் என்று நினைப்பவர்கள், பாதை வளைகிற இடமாகப் பார்த்து அந்த வளைவில் நிற்கட்டும். எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்தால் நாலாபக்கமும் பூ இருப்பதுபோலவே வரும்.

வீட்டில் வளர்க்க ஆசைப்பட்டால்

நிழல் விழும் மூலை ஒன்று தோட்டத்தில் இருந்தால் போதும். இலை உதிர்க்கும் மரமோ புதரோ அங்கே இருந்தால் ரொம்ப நல்லது. வாங்கும்போது ‘பிரிட்டிஷ்’ என்று எழுதியிருக்கிறதா, நாற்றங்காலில் வளர்த்ததா என்று கேளுங்கள். வெறுமனே ‘புளூபெல்’ என்று விற்பது ஸ்பானியமாக இருக்கலாம். கிழங்கானால் இலையுதிர்காலத்தில் சுமார் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் நடுங்கள். பூ முடிந்தபின் இலையோடு விற்பதையும் வாங்கி நடலாம், அது காய்ந்த கிழங்கைவிட நன்றாகப் பிடிக்கும் என்பது என் அனுபவம். இலைமக்கு போடுங்கள். பூ முடிந்ததும் அசிங்கமாக இருக்கிறதே என்று இலையை வெட்டவோ முடிச்சுப் போடவோ வேண்டாம், தானாக வாடி விழும்வரை விடுங்கள்.

சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ நாலு கிழங்கு எடுத்துப் போகலாமே என்று கேட்டவர்கள் உண்டு. தாவரத் தனிமைப்படுத்தல் விதிகளைத் தாண்டிப் பெட்டியில் கொண்டுபோவது வம்பு. போய்ச் சேர்ந்தாலும் குளிர்காலம் இல்லாத ஊரில் அது பிழைக்காது.

விதையிலிருந்து முயல்கிறவர்களுக்குப் பொறுமை வேண்டும். உங்கள் செடியில் காய் காய்ந்து வெடிக்கும் ஜூன், ஜூலையிலேயே விதையை எடுத்து ஆழமான தொட்டியில் தூவி, வெளியிலேயே வையுங்கள். கோடையின் சூடும் அதன்பின் வரும் குளிர்ச்சியும் பட்டால்தான் அது முளைக்கும். முதல் வசந்தத்தில் நூல் போல ஒரே ஒரு இலை வரும். புல் என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள்.